மனம் கலங்கும் நாட்களில் சமாதானத்தைத் தேடுவது: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே வருடத்தில் எனக்கு வேலை போயிற்று, அம்மா பக்கவாதத்தில் படுத்தார். அப்போது நான் கிறிஸ்தவக் கோவிலுக்குப் போவதை விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வராமல் கிடந்தபோது, சின்ன வயதில் மனப்பாடம் செய்த வேதாகமப் பாட்டு ஒன்று, அதாவது ஒரு சங்கீதம், பாதி மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. மீதிப் பாதியைத் தேடப்போனவன்தான் மறுபடி உள்ளே வந்தேன்.

வந்தவுடன் நிம்மதி கிடைத்துவிடவில்லை. சுமார் எட்டு மாதம் என்னென்னவோ செய்தேன். சாப்பிடாமல் ஜெபித்தேன். காலையில் கண் விழித்ததும் போனில் ஒரு வாக்குத்தத்த வசனம் (கடவுள் தரும் வாக்குறுதி என்று அனுப்பும் வேத வசனம்) வரும், அதை நம்பி அன்றைய நாளை ஓட்டினேன். கையில் மிச்சமிருந்த பணத்தில் ஒரு பகுதியை ஓரிடத்தில் கொடுத்து ஏமாந்தேன். எனக்குக் கொடுத்திருந்த மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். யாராவது என்னை உட்காரவைத்து, முதலில் இதைச் செய், அப்புறம் இது, இந்தப் பக்கம் மட்டும் போகாதே என்று சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கத்தோலிக்கரோ, புராட்டஸ்டண்டோ, பெந்தெகொஸ்தேயோ, எந்தப் பக்கம் இருப்பவருக்கும் உதவும்படி எழுதப் பார்த்திருக்கிறேன். விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் நான்கு படிகளுக்கு அது தடையே இல்லை.

1. முதல் வாரம் முழுக்கத் தூக்கமும் சாப்பாடும்தான்

ஜெபத்தைப் பற்றிப் படிக்க வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா என்ற தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கு உடனே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அவர் தூங்கிப்போகிறார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வைக்கிறான். கடவுள் எலியாவிடம் பேசிய அந்த மெல்லிய சத்தம் அதற்கு 40 நாள் பயணத்துக்கு அப்பால், ஓரேப் மலையில்தான் வருகிறது.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஏற்கெனவே தூக்கமில்லாத உடம்பை மூன்று நாள் உபவாசத்தில் போட்டேன். மூன்றாம் நாள் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கப் போய், தலைசுற்றி இருவரும் கட்டிலில் சாய்ந்தோம். நல்லவேளை, கட்டிலில்.

ஆகவே முதல் ஏழு நாள் செய்யவேண்டியது இவ்வளவுதான்: தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்கள், மூன்று வேளையும் எதையாவது சாப்பிடுங்கள், படுக்குமுன் ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள். சங்கீதம் 4இன் கடைசி வசனம் அதற்குப் பொருத்தமானது: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்.” தூக்கம் வராவிட்டாலும் சொல்லுங்கள். உபவாசம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தில் இறங்கவே வேண்டாம்.

2. என்னென்ன வேண்டும், என்ன செலவு

ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா. வேதாகமத்தை இணையத்திலும் போன் செயலிகளிலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் முடிந்தால் அச்சுப் புத்தகம் ஒன்றை வாங்கவோ கேட்டுப் பெறவோ செய்யுங்கள். போனில் சங்கீதம் படிக்க ஆரம்பித்தவன், மூன்றாவது நிமிடம் வேலை விளம்பரங்களில் இருப்பேன். பல சபைகளில் கேட்டால் புதிய ஏற்பாட்டை இலவசமாகவே தருவார்கள்.

எந்த மொழிபெயர்ப்பு என்று குழம்பவேண்டாம். புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் ஒலிப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதில் 66 புத்தகங்கள் இருக்கும். ஓசை அழகு, ஆனால் சில வாக்கியங்களை இரண்டு முறை படித்தால்தான் புரியும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். ஒன்றில் சங்கீதம் என்றிருப்பது மற்றதில் திருப்பாடல்; ஒன்றில் இராஜாக்கள், மற்றதில் அரசர்கள். பெயர்தான் வேறு. நான் ஓதுவதற்குப் பழையதையும் புரிந்துகொள்வதற்குப் புதியதையும் வைத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ் ஏதாவது கேட்பார்களா என்று பலர் தயங்குகிறார்கள். ஆராதனையில் உட்கார, ஜெபிக்க, போதகரிடமோ குருவானவரிடமோ பேச எந்தக் காகிதமும் தேவையில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டியிருப்பது திருமணம், சபை உறுப்பினராகச் சேர்வது, ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது போன்றவற்றுக்கு. இப்போதைக்கு அதைத் தேடி அலமாரியைப் புரட்டவேண்டாம்.

3. ஸ்தோத்திரத்தில் தொடங்காதீர்கள், முறையீட்டில் தொடங்குங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். என் எட்டு மாதத்தில் பெரும்பகுதி வீணானது இங்கேதான்.

குறை சொல்வது அவிசுவாசம் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதனால் முழங்கால் போட்டதும், “ஸ்தோத்திரம் ஆண்டவரே, எல்லாம் நன்மைக்கே” என்று ஆரம்பிப்பேன். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், வாய் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். கடவுளிடம் போய் அலுவலக மேலாளரிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டு வந்தால் மனது எப்படி இறங்கும்?

சங்கீதப் புத்தகத்தில் 150 பாடல்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை “எதுவரைக்கும்” என்று கேட்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்பதுதான் ஆரம்பமே. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயலில் சிக்கிய சீஷர்கள், தலையணை வைத்துத் தூங்கும் இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். மரியாதையான கேள்வி இல்லை. இருந்தும் அவர் முதலில் எழுந்து காற்றை அதட்டுகிறார். சீஷர்களைக் கடிந்துகொள்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். சிலுவையில் இயேசுவே சொன்னது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற வரி. அவர் சொல்லலாம் என்றால் நாமும் சொல்லலாம்.

எப்படிச் செய்வது என்றால், 13ஆம் சங்கீதத்தையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டு குறை, அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை. நோட்டில் அதே வரிசையில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். “கஷ்டமாக இருக்கிறது ஆண்டவரே” என்பது முறையீடு ஆகாது. என் நோட்டிலிருந்து ஒரு நாள்:

“ஆண்டவரே, இன்றைக்கும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. அம்மாவின் மாத்திரை வெள்ளிக்கிழமை தீர்ந்துவிடும். நீர் பார்க்கிறீரா என்று தெரியவில்லை. வெள்ளிக்குள் ஒரு வழி வேண்டும். கோபமாக இருக்கிறேன். ஆனாலும் உம்மிடம்தான் சொல்கிறேன்.”

கடைசி வரிதான் அன்றைக்கு எனக்கு இருந்த நம்பிக்கை. அதற்குமேல் வரவில்லை. உங்களுக்கு அதுவும் வராவிட்டால் விட்டுவிடுங்கள், சும்மா சேர்க்கவேண்டாம். 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு முடிவே இல்லாமல் முடிகிறது. அதையும் எடுத்துப்போடாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, முறையீடு மெல்ல மெல்லத் தன்னைத்தானே திட்டுவதாக மாறுவது. நான் பாவி, எனக்கு இது தேவைதான் என்று பேனா போக ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, இரண்டாம் பகுதியான வேண்டுதலுக்குப் போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியது ஏதாவது உண்மையாகவே இருந்தால் பெயர் சொல்லி ஒருமுறை கேளுங்கள், அது வேறு. மற்றொன்று, நமக்குத் துரோகம் செய்தவர் மேலுள்ள கோபம். 109ஆம் சங்கீதம் மாதிரி சாபம் நிறைந்தவையும் புத்தகத்தில் இருக்கின்றன. கோபத்தை அங்கே கொட்டிவிடுங்கள். கொட்டிய கையோடு அந்த ஆளுக்குப் போன் போடாதீர்கள். நான் போட்டேன்.

எழுதவும் பேசவும் சக்தியில்லாத நாளும் வரும். நமக்கு எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது, வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அந்த நாளில் இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாக ஒருமுறை சொன்னால் போதும். கிழக்கத்திய திருச்சபைகளில் ஒரு சின்ன ஜெபம் உண்டு: “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்.” மூச்சை இழுக்கும்போது முன்பாதி, விடும்போது பின்பாதி. மருத்துவமனை வராந்தாவில் எனக்கு இதுதான் கைகொடுத்தது. யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

4. ஒரு நாளைக்கு 15 நிமிடம்

காலையில் 10, ராத்திரி 5. இதற்குமேல் ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன் என்று பொருத்தனை செய்தவர்கள் (என்னையும் சேர்த்து) ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள், ஆறாம் நாள் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காலை 10 நிமிடத்தில் மாற்கு சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம். நான்கு சுவிசேஷங்களில் சின்னது அது, 16 அதிகாரம், 16 நாளில் முடிந்துவிடும். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று கிளம்பினால் லேவியராகமத்தில் பலி முறைமைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வீர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை இப்போது தொடவே வேண்டாம், ஏற்கெனவே பயந்திருக்கிறீர்கள். மாற்கு முடிந்ததும் சங்கீதங்களுக்குப் போங்கள். நாளைக்கு 5 வீதம் படித்தால் 150ம் 30 நாளில் முடியும், பல நூற்றாண்டுகளாக நடக்கிற கணக்கு அது. எனக்கு அது அதிகம். நான் ஒன்றுதான் படிப்பேன்.

படித்ததில் மனதில் தைத்த ஒரு வரியை மறுபடி படியுங்கள். ஏன் தைத்தது என்று யோசியுங்கள். அதைப் பற்றிக் கடவுளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். துறவிகள் ஓதல், தியானித்தல், ஜெபித்தல், அமர்ந்திருத்தல் என்று நான்காகப் பிரிக்கும் முறையின் எளிய வடிவம்தான் இது.

ராத்திரி 5 நிமிடம் அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்ப்பதற்கு. இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா வழக்கப்படுத்திய பயிற்சி. நாளின் எந்த இடத்தில் மனம் கொஞ்சம் லேசாயிற்று, எந்த இடத்தில் இறுகிற்று, நாளைக்கு என்ன உதவி வேண்டும்: மூன்றுக்கும் நோட்டில் ஒவ்வொரு வரி. லேசான இடம் அற்பமாக இருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரர் அம்மாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டது ஒரு நாள் எனக்கு அந்த வரி. நன்றி சொல்வதற்கான இடம் இங்கே தானாக வந்துவிடுகிறது. ஸ்தோத்திரத்தில் தொடங்காதீர்கள் என்றது இதனால்தான்.

ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் அன்றைய பங்கை மட்டும் செய்யுங்கள். பாக்கி சேர்க்கிற கடன் இல்லை இது.

5. வசன அட்டைகளில் கவனம்

“உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்ற எரேமியா 29:11 உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு ஒரே மாதத்தில் நான்கு பேர் அனுப்பினார்கள். அதை நம்பி, அடுத்த வாரம் வேலை வந்துவிடும் என்று நாள் எண்ணினேன். வராதபோது உடைந்துபோனேன். பிறகுதான் அதற்கு முந்தின வசனத்தைப் படித்தேன். பாபிலோனில் 70 வருடம் ஆகும் என்று அங்கே எழுதியிருக்கிறது. இன்னும் மேலே போனால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறது. சிறைப்பட்டுப் போன ஒரு முழு ஜனத்துக்கு எழுதிய கடிதம் அது. கடிதத்தை முழுதாகப் படித்தபோது எனக்கு உபயோகப்பட்டது தோட்டம் போடச் சொன்ன இடம். வேலை வரும்வரை காத்திருப்பதை விட்டு, அம்மாவின் அறையை மாற்றி அமைத்தேன்.

எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான். முந்தின வசனத்தில், அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்வது பட்டினியாய் இருக்கவும் திருப்தியாய் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று, அதுவும் சிறைக்கட்டுகளோடு. ஒரு வசனம் உங்களைத் தொட்டால் அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்துவிடுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைத்த இடத்தில் பதில் தேடுவது வேண்டாம். வேலையை விடுவது, வீட்டை விற்பது, சிகிச்சையை நிறுத்துவது போன்ற முடிவுகளை அப்படி எடுக்கவே கூடாது.

6. ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள்

இரண்டாம் மாதத்துக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர் மூவரும் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். எட்டாம் நாளுக்குமேல் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான். ஆகவே விளக்கம் சொல்கிறவரைத் தவிர்த்து, உட்கார்ந்திருக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

குழுவில் ஜெபக்குறிப்பு (எதற்காக ஜெபிக்கவேண்டும் என்ற விவரம்) கொடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நான் என் கடன் விவரத்தை ஒரு சிறு குழுவில் ஜெபத்துக்காகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, கடன் அடையும் என்று ஆறுதல் சொன்னார். அதற்குப்பின் குழுவில் “குடும்பச் சூழ்நிலைக்காக” என்று மட்டும் சொல்வேன், விவரம் ஒருவரிடம் மட்டும். கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொல்வதைக் குருவானவர் எக்காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மற்ற சபைகளில் போதகரிடம் பேசுமுன், இது நம் இருவருக்குள் இருக்குமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்ல போதகர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

7. கோவிலுக்குப் போகும்போது

ஒரு முறை போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஒரே இடத்துக்கு நான்கைந்து வாரம் போங்கள். கத்தோலிக்கத் திருப்பலி பெரும்பாலும் ஒரு மணி நேரம். மற்ற சபைகளில் இரண்டு மணி, சில இடங்களில் அதற்கும் மேலே. வீட்டில் நோயாளியை விட்டு வருகிறவர்கள் முதலிலேயே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரமாக, பின்வரிசையில் உட்காருங்கள். இடையில் எழுந்து போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றால் எழுந்தே ஆகவேண்டும் என்றில்லை. பெயர், போன் எண் கேட்டு ஓர் அட்டை நீட்டினாலும் அப்படியே. பூர்த்தி செய்தால் அழைப்புகள் வரும். வரட்டும் என்றால் எழுதுங்கள். திருவிருந்து அல்லது நற்கருணை நேரத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்கள் இருக்கையிலேயே இருப்பது வழக்கம். கத்தோலிக்கத் திருப்பலியில் பொதுவாகக் கத்தோலிக்கர் மட்டுமே நற்கருணை வாங்குவார்கள். சந்தேகமிருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

பாட்டுச் சத்தம் அதிகமாகத் தோன்றினால் வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். முதல் இரண்டு மாதம் எனக்கு அதுதான் தாங்கக்கூடியதாக இருந்தது.

உடனே ஞானஸ்நானம் எடுங்கள், சபை மாறுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் ஆறப்போடுங்கள். வயது வந்தவர்களுக்கான ஆயத்தம் சில சபைகளில் சில வாரம், கத்தோலிக்கத் திருச்சபையில் பல மாதம். நெருக்கடியின் உச்சத்தில் எடுக்கவேண்டிய முடிவு இல்லை அது.

8. பணம்

ஜெபத்துக்குக் கட்டணம் கிடையாது. காணிக்கைத் தட்டு வரும்போது விருப்பமிருந்தால் போடலாம், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். தங்கள் வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லும் கத்தோலிக்கர் ஒரு சிறு தொகை கொடுப்பது வழக்கம். ஏழைகளுக்கு அது இல்லாமலும் நிறைவேற்றும்படி திருச்சபைச் சட்டமே வலியுறுத்துகிறது.

நான் விழுந்த குழி இது. ஓரிடத்தில் “விசுவாச விதை” என்ற பெயரில் பெரிய தொகையைக் கொடுத்தால் அம்மா எழுந்து நடப்பார் என்றார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கமாகக் கொடுத்தேன், அதுவும் சம்பளமே வராத மாதத்தில். அம்மா நடக்கவில்லை. போய்க் கேட்டபோது என் விசுவாசம் போதாது என்றார்கள். வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைப் படித்தேன். நாகமான் என்ற படைத்தலைவனின் குஷ்டம் நீங்கியபின் அவன் நீட்டிய வெகுமதியைத் தீர்க்கதரிசி எலிசா வாங்க மறுக்கிறார். பின்னால் ஓடிப்போய் வாங்கிய வேலைக்காரன் கேயாசிக்குத்தான் குஷ்டம் ஒட்டிக்கொள்கிறது. அப்போஸ்தலர் 8இல், பணம் கொடுத்து வரத்தை வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு எப்படித் திட்டுகிறார் என்றும் பாருங்கள். பலனுக்கு விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். “இன்றைக்குள்” என்று கெடு வைத்தால் இன்னும் சீக்கிரம்.

கொடுக்க மனமிருந்தால், நெருக்கடி முடிந்தபிறகு, வீட்டாருக்குத் தெரிந்து கொடுங்கள்.

9. மருத்துவரையும் பாருங்கள்

மனச்சோர்வோ எதிலும் ஈடுபாடின்மையோ இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நேரம் நீடித்தால், அதோடு தூக்கமும் பசியும் கெட்டால், அது மருத்துவரிடம் போகவேண்டிய அடையாளம். விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் போங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். வயிற்றுக் கோளாறுள்ள தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் உடம்புக்கான கைவைத்தியம்தான்.

ஜெபிக்கிறேன் என்று மன அழுத்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தி, மூன்றாம் நாளே தலைசுற்றலும் எரிச்சலுமாக வீட்டாரைப் படுத்தினேன். குறைப்பது மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மேலே சொன்ன எந்தப் படிக்கும் காத்திருக்கவேண்டாம். அந்த நிமிடமே ஒருவரைப் பக்கத்தில் கூப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எலியாவும் அதைத்தான் கேட்டார். அவரைத் தனியே விட்டுவிடவில்லை.

10. எவ்வளவு நாள் ஆகும்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறுபடலாம். முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. நான்காம் வாரம் தூக்கம் கொஞ்சம் நீண்டது. இரண்டாம் மாதம், கெட்ட செய்தி வந்தபிறகு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் குறைந்திருப்பதைக் கவனித்தேன். முன்பு மூன்று நாள் ஆகும், அப்போது ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. நிலைமை மாறவில்லை. வேலை கிடைத்தது அதற்கும் ஐந்து மாதம் கழித்து. அம்மா இன்னும் சக்கர நாற்காலியில்தான்.

பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை முள் என்கிறார்; அந்த முள் நீங்கும்படி கடவுளிடம் மூன்று தரம் கேட்டார், முள் நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு இப்போதும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கேட்டவற்றில் நடந்ததற்கு ஒரு கோடு போடுங்கள். நடக்காததை அப்படியே விடுங்கள், அடிக்கவேண்டாம். அந்த மாத்திரை வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்ததை நான் மறந்தே போயிருந்தேன். நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்போதும் சில ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வருகிறது. போனைத் தொடமாட்டேன். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குப் போடாமல் 130ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். 8 வசனம்தான், விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் வருகிற சங்கீதம். சொல்லி முடித்ததும் அடுத்த அறையில் அம்மாவின் மூச்சுச் சத்தம் சீராக வருகிறதா என்று கேட்பேன். வந்தால் போய்ப் படுத்துக்கொள்வேன்.